மாத்திரை ஒரு வேளை தவறவில்லை, அப்பாவுக்கு மறுபடி பக்கவாதம்

அப்பாவுக்கு வயது 67. போன ஆடியில் முதல் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின. பேச்சு ஓரளவு திரும்பியது. அன்றிலிருந்து ரத்தம் கட்டாமலிருக்க குளோபிடோக்ரெல், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாடின், பிபி மாத்திரை மூன்றையும் நான்தான் கிழமைவாரியாக டப்பாவில் போட்டுக் கொடுக்கிறேன். பீடியையும் விட்டுவிட்டார். போன மாதம் காலையில் வேட்டி கட்டும்போது இடது கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஸ்கேனில் புது அடைப்பு. நான் சரியாகக் கவனிக்கவில்லை என்று சித்தப்பா சொல்கிறார். மருந்து சாப்பிட்டும் எப்படி வரும்?

பதில் 1:
உங்கள் மேல் தப்பே இல்லை அம்மா. நான் நரம்பியல் வார்டில் 22 வருடம் நர்ஸாக இருந்தவள். இந்த மாத்திரைகளால் ஆபத்து குறையும், அவ்வளவுதான். சீனாவில் 5,170 பேரிடம் நடந்து 2013இல் வெளியான 'சான்ஸ்' ஆய்வைப் பாருங்கள். லேசான பக்கவாதமோ அதன் முன்னறிகுறியோ வந்த 24 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கினார்கள். ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 11.7 சதவீதம் பேருக்கு 90 நாளுக்குள் மறுபடி வந்தது. குளோபிடோக்ரெலும் சேர்த்து எடுத்தவர்களில் 8.2 சதவீதம். நல்ல பலன்தான், ஆனாலும் அந்த 8 பேரும் மருந்து எடுத்தவர்கள்தானே!

எனக்கு உறுத்துவது வேறு. முதலில் வலது கை, இப்போது இடது கால். அப்படியென்றால் மூளையின் இரண்டு பக்கமும் அடைபட்டிருக்கிறது. சின்ன ரத்தக்குழாய்கள் கெட்டாலும் இப்படி வரலாம். ஆனால் இதயத்திலிருந்து ரத்தக்கட்டி கிளம்புகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். துடிப்பு அவ்வப்போது மட்டும் தாறுமாறாகிறவர்களுக்குச் சில நொடி ஈசிஜியில் ஒன்றும் தெரியாமல் போகலாம். இதயத்துடிப்பை நாள் கணக்கில் தொடர்ந்து பதியும் ஹோல்டர் கருவி வைத்தார்களா?

பதில் 2:
என் அம்மாவுக்கும் இதே கதை. இரண்டு வாரம் நெஞ்சில் பட்டை ஒட்டிப் பார்த்தபோதுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்துடிப்பு தாறுமாறாகும் கோளாறு, தெரிந்தது. அதற்குக் குளோபிடோக்ரெல் போதாது என்று ரத்தம் உறைவதை வேறு விதமாகத் தடுக்கும் அபிக்ஸபானுக்கு மாற்றினார்கள். இன்னொன்று, அப்பா கேஸ் மாத்திரை ஏதாவது போடுகிறாரா? குளோபிடோக்ரெல் கல்லீரலில் மாறினால்தான் வேலை செய்யும். ஓமிப்ரசோல் என்ற கேஸ் மாத்திரை அந்த மாற்றத்தைத் தடுக்கும். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.

கேட்டவர்:
ஹோல்டர் வைக்கவே இல்லை அக்கா. இப்போதுதான் அப்பாவிடம் கேட்டேன். நெஞ்செரிச்சலுக்குத் தெருமுனை மருந்துக்கடையில் தானே ஓமிப்ரசோல் வாங்கித் தினமும் போட்டிருக்கிறார். அது என் டப்பாவிலேயே இல்லை. நாளைக் காலையில் அந்த அட்டையையும் பழைய ஈசிஜியையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போகிறோம்.