சிக்னல் இல்லாத ரோட்டில் நடந்து கடக்க யாரிடம் மனு கொடுப்பது?
வணக்கம் நண்பர்களே. கோவையில் பல சந்திப்புகளில் சிக்னலை எடுத்துவிட்டு யூ டர்ன் வைத்தது உங்களுக்குத் தெரியும். வண்டியில் போகிறவர்களுக்கு நிம்மதிதான், மறுக்கவில்லை. ஆனால் வண்டிகள் நிற்கவே நிற்காத ரோட்டை நடந்து போகிறவர் எப்போது கடப்பது? எங்கள் பகுதியில் பஸ் ஸ்டாப் ஒரு பக்கம், பள்ளியும் ரேஷன் கடையும் எதிர்ப்பக்கம். வயதானவர்கள் சென்டர் மீடியன் இடுக்கில் புகுந்துதான் வருகிறார்கள்.

பட்டனை அழுத்தினால் வண்டிகளை நிறுத்தும் பெலிகன் சிக்னல் கேட்கலாம் என்று தெருக்காரர்கள் பேசியிருக்கிறோம். நடை மேம்பாலம் வேண்டாம். மூட்டு வலியோடு யார் ஏறுவது? பாதசாரி வசதிகளுக்கான ஐ.ஆர்.சி. (இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் என்ற சாலைத் தர அமைப்பு) 103 வழிகாட்டுதலைக் காட்டி மனு எழுதப் போகிறோம்.

சாலை ஒரு துறை, சிக்னல் இன்னொரு துறை. முதலில் யாரிடம் கொடுத்தால் நகரும்? சாலை யாருடையது என்று 10 ரூபாய் கட்டி ஆர்.டி.ஐ. போட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். அதுவரை காத்திருப்பதா, இப்போதே கொடுத்துவிடுவதா?

அப்புறம், கடக்கிற ஆட்களையும் போகிற வண்டிகளையும் நாங்களே எண்ணிக் கொடுத்தால் எடுபடுமா? எந்த நேரத்தில் எண்ணுவது? இப்படிக் கேட்டு வாங்கியவர்கள் இருந்தால் உங்கள் மனுவின் மாதிரியைப் பகிருங்கள்.