காசு வாங்கிக்கொண்டு போடும் தேர்தல் செய்தியைப் பற்றி யாரிடம் புகார் சொல்வது?

குடியாத்தம் வாசகர்:
வணக்கம். போன தேர்தல் சமயம் வீட்டுக்கு வரும் பேப்பரில் ஒரு வேட்பாளரைப் பற்றி அரைப்பக்கச் செய்தி. மக்கள் வெள்ளமாம், வெற்றி உறுதியாம். அந்த ஊர்வலம் எங்கள் தெரு வழியாகத்தான் போனது, இருநூறு பேர் இருந்தால் அதிகம். அன்றைக்கே டீக்கடையில் வேறொரு பேப்பரைப் பிரித்தால் அதே படம், அதே வாசகம், ஒரு எழுத்துகூட மாறவில்லை. விளம்பரம் என்று எங்கேயும் போடவில்லை. பேப்பரில் வந்தால் உண்மை என்று நம்புகிறவர் எங்கள் அப்பா, அதனால்தான் மனசு ஆறவில்லை. இதை யாரிடம் சொல்வது, சொன்னால் ஏதாவது நடக்குமா?

சத்துவாச்சாரி:
நடக்கும் சார், ஆனால் சுடச்சுடச் சொல்ல வேண்டும். இதுதான் பெய்டு நியூஸ். தேர்தல் நேரத்தில் மாவட்டத்துக்கு ஒரு ஊடகச் சான்றளிப்பு, கண்காணிப்புக் குழு இருக்கும். இரண்டு பேப்பரையும் அங்கே கொடுங்கள், ஒரே வாசகம் இரண்டில் வருவதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. செய்தி வந்த 96 மணி நேரத்துக்குள் தேர்தல் நடத்தும் அலுவலர் வேட்பாளருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அவர் 48 மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டும். காசு கொடுத்த செய்திதான் என்று முடிவானால் அந்த இடத்துக்கான விளம்பரக் கட்டணம் அவர் செலவுக் கணக்கில் ஏறும். லோக்சபா தேர்தலுக்கு இங்கே வரம்பு 95 லட்சம். உத்தரப் பிரதேசத்தில் பிசௌலி எம்.எல்.ஏ. உம்லேஷ் யாதவைத் தேர்தல் ஆணையம் 2011இல் மூன்று வருஷம் தகுதி நீக்கம் செய்தது, இந்தச் செலவை மறைத்ததற்காகத்தான்.

ஆம்பூர் வாக்காளர்:
என்னைக் கேட்டால், போட்ட செய்தியைவிடப் போடாமல் விட்ட செய்திதான் பெரிய கேடு. 2019ஐ நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 18 வாக்குப்பதிவு, 16ஆம் தேதி நம் வேலூர் தேர்தலையே ரத்து செய்தார்கள், பிடிபட்ட பணத்தால். அந்தக் காரணத்துக்காக ஒரு லோக்சபா தொகுதித் தேர்தல் ரத்தானது நாட்டிலேயே அதுதான் முதல் தடவை. எந்த சேனலைத் திருப்பினாலும் நோட்டுக்கட்டுதான். அப்புறம் ஆகஸ்ட் 5இல் வாக்குப்பதிவு நடந்தது, 8,141 ஓட்டு வித்தியாசத்தில் முடிவு வந்தது, கேமராவும் கிளம்பிவிட்டது. அந்த வழக்கு எதுவரை போனது என்று எங்கள் தெருவில் பத்துப் பேரைக் கேளுங்கள், ஒருவருக்கும் தெரியாது. யார் ஜெயிப்பார் என்று தினமும் ஒரு மணி நேரம் பேசுகிறவர்கள் இதை மாதம் ஒரு தடவை விசாரித்துச் சொன்னால் போதும், அடுத்த தடவை காசை எடுத்துக்கொண்டு வருகிறவனுக்குக் கை நடுங்கும்.

பூத் ஏஜென்ட்:
தம்பி சொல்வது சரி. ஆனால் உள்ளூர் நிருபரை மட்டும் திட்டாதீர்கள். சின்ன ஊர்களில் பல பேருக்கு நிலையான சம்பளம் கிடையாது, விளம்பரம் பிடித்தால் கமிஷன். காலையில் வேட்பாளரிடம் விளம்பரம் கேட்டுப் போன அதே ஆள் சாயங்காலம் அவரைப் பற்றி எப்படித் தைரியமாக எழுதுவார்? முதலில் இந்த ஏற்பாடு மாற வேண்டும். இன்னொன்று, வாக்குப்பதிவு முடிந்ததும் எத்தனை ஓட்டுப் பதிவானது என்று 17சி படிவத்தில் எழுதி ஏஜென்ட்களுக்கு நகல் கொடுப்பார்கள். நான் நாலு தேர்தலில் வாங்கி வைத்திருக்கிறேன், இன்றுவரை ஒரு நிருபரும் காட்டுங்கள் என்று கேட்டதில்லை. பூத் பூத்தாக வாங்கி எண்ணிக்கை நாளில் ஒப்பிட்டு எழுதினால் பாதி வதந்தி அடங்கிவிடும்.

குடியாத்தம் வாசகர்:
நன்றி அண்ணே, எல்லாருக்கும். 96 மணி நேரக் கணக்கு தெரியாமல் வீட்டுப் பேப்பரை எடைக்குப் போட்டுவிட்டேன், டீக்கடைப் பேப்பர் மட்டும் போனில் படமாக இருக்கிறது. அந்தத் தேதிப் பேப்பர் வேலூர் மாவட்ட நூலகத்தில் கிடைக்குமா? புகாருக்கு இல்லாவிட்டாலும் அப்பாவுக்குக் காட்ட வேண்டும்.