முத்தரப்புக் கலந்தாலோசனையில் பங்குக்குப் போகும் மீனவர் எந்தத் தரப்பு?

கேள்வி – கொட்பே வாசி

வணக்கம். திருகோணமலையில் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் செயலாளராக இருக்கிறேன். சர்வதேசத் தொழில் நியமங்கள் பற்றி அரசாங்கமும் தொழில்தருநரும் தொழிற்சங்கங்களும் கொழும்பில் கூடிப் பேசுவதால், மீன்பிடித் தொழில் பற்றிய, சர்வதேசத் தொழில் அமைப்பின் (ILO) 2007ஆம் ஆண்டின் 188ஆம் இலக்கச் சமவாயம் குறித்து எமது கருத்தையும் எழுதி அனுப்ப விரும்பினோம். ‘தொழிலாளர் சார்பில்’ என்று முதல் வரியை எழுதியதுமே, இரண்டு பலநாள் படகுகளுக்குச் சொந்தக்காரரான எமது பொருளாளர் அந்தச் சொல்லை வெட்டச் சொன்னார். படகுச் சொந்தக்காரரும் அவர்களின் படகில் பங்குக்குப் போகிறவர்களும் (சம்பளத்துக்குப் பதிலாக மீன் விற்ற காசில் பங்கு பெறுகிறவர்கள்) ஒரே சங்கத்தில் இருக்கும்போது, நாங்கள் எந்தத் தரப்பில் நின்று பேசுவது?

பதில் – ஓய்வுபெற்ற அலுவலர்

பொருளாளர் வெட்டச் சொன்னது நியாயமே. இந்தக் கலந்தாலோசனைக்கு அடிப்படை, இலங்கை 1994இல் ஏற்று உறுதிசெய்த, அதே அமைப்பின் 1976ஆம் ஆண்டின் 144ஆம் இலக்கச் சமவாயம். சர்வதேசத் தொழில் மாநாட்டின் நிகழ்ச்சிநிரல் பற்றிய வினாக்கொத்துக்கு அரசாங்கம் அளிக்கும் பதில், புதிய சமவாயங்களை உரிய அதிகாரபீடத்தின் முன் வைக்கும்போது செய்யும் முன்மொழிவு, இன்னும் ஏற்காத சமவாயங்களின் மீளாய்வு, ஏற்றவை பற்றிய அறிக்கைகள், ஏற்றதிலிருந்து விலகும் யோசனை ஆகிய ஐந்து விடயங்களிலும், ஆண்டுக்கு ஒரு தடவையாவது, தொழில்தருநரதும் தொழிலாளரதும் மிகவும் பிரதிநிதித்துவம் வாய்ந்த அமைப்புகளைக் கேட்க வேண்டும் என்று அது சொல்கிறது. இரு தரப்பும் சம நிலையில் அமர வேண்டும். பிரதிநிதிகளை அந்தந்த அமைப்புகளே சுதந்திரமாகத் தெரிவுசெய்ய வேண்டும். இரு தரப்பாரையும் அங்கத்தவராகக் கொண்ட கூட்டுறவுச் சங்கத்தை இந்த ஏற்பாட்டில் எங்கே அமர்த்துவது என்று கேட்டால், என்னிடமும் விடையில்லை.

கலந்தாலோசிப்பது வேறு, உடன்படுவது வேறு. கேட்ட பிறகு முடிவெடுப்பது அரசாங்கமே. பலர் இதைச் சம்பளச் சபையுடன் குழப்பிக்கொள்கிறார்கள். அது 1941ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி சம்பளம் நிர்ணயிக்கும் வேறொரு சபை.

பதில் – உப்புவெளி

நான் பதினொரு வருடம் பங்குக்குப் போனவன். விற்ற காசில் டீசல், ஐஸ், சாப்பாடு எல்லாம் கழித்து மிஞ்சுவதில் பாதி படகுக்கு, மறுபாதி ஆட்களுக்கு. கழிவு எழுதும் கொப்பி சொந்தக்காரரிடமே இருக்கும். மீன் படாத பயணத்தின் செலவு அடுத்த பயணத்தின் கணக்கில் முதல் வரியாக ஏறியிருக்கும். அதைக் கேட்டால், “நீயும் பங்காளிதானே” என்பார்கள். ஆனால் 188ஆம் சமவாயம், பிடிபட்ட மீனில் பங்காக ஊதியம் பெறுபவரையும் மீனவர் என்ற வரைவிலக்கணத்துக்குள் சேர்த்திருக்கிறது. எழுத்து மூலமான வேலை உடன்படிக்கையும் வேண்டும் என்கிறது. மூன்று நாட்களுக்கு மேல் கடலில் நிற்கும் கலத்தில் இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் குறைந்தது 10 மணித்தியால ஓய்வு வேண்டும் என்றும் சொல்கிறது. எமது படகில் வலை இழுக்கும் இரவுகளில் அதில் பாதி கிடைத்ததாகவும் நினைவில்லை.

பதில் – ஓய்வுபெற்ற அலுவலர்

அதே வரைவிலக்கணப் பகுதியில், குறிப்பாகக் கலச் சொந்தக்காரரின் அமைப்புகளையும் மீனவரின் அமைப்புகளையும், ‘அவை இருக்குமிடத்து’, கேட்க வேண்டும் என்றும் இருக்கிறது. இல்லாத அமைப்பை யாரும் தேடி வரமாட்டார்கள் என்பதே அதன் நடைமுறைப் பொருள். தொழிற்சங்கமாகப் பதிவுசெய்ய 1935ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி ஏழு பேரின் கையொப்பம் போதும், ஆனால் பங்குக்காரர் தொழிலாளரா என்ற கேள்வி அங்கேயும் எழக்கூடும். ஏழு பேர் சங்கத்துக்கு, முத்தரப்பும் கூடிப் பேசும் தேசிய தொழில் ஆலோசனைச் சபையில் கதிரை கிடைக்காது. ஏற்கெனவே அங்கே இருக்கும் சங்கம் ஒன்றின் ஊடாகப் போவதே வழி. உரியதெனவும் போதுமானதெனவும் தரப்புகள் ஏற்றுக்கொண்டால் எழுத்து மூலமாகவும் கலந்தாலோசிக்கலாம் என்று 144ஆம் சமவாயத்துடன் வந்த 152ஆம் விதப்புரை சொல்வதால், கடிதம் வீண்போகாது.

பதில் – கொட்பே வாசி

மிக்க நன்றி. இரண்டு கடிதங்கள் எழுதுகிறோம்: சொந்தக்காரருக்கு ஒன்று, பங்குக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. இரண்டாவதில் கையொப்பமிட இதுவரை நான்கு பேர் சம்மதித்திருக்கிறார்கள். மற்றவர்கள் கடலில்.