கும்பகோணத்தில் குடும்ப மருத்துவர் கிளினிக்: எந்தப் பதிவு முதலில், எந்தத் தொடர்பு சரி?

அரசலாறு (கேள்வி):

எம்.பி.பி.எஸ்., டி.என்.பி. (தேசியத் தேர்வு வாரியத்தின் முதுநிலைத் தகுதி) குடும்ப மருத்துவம். கும்பகோணத்தில் காலை, மாலை ஓ.பி. மட்டும் பார்க்கும் கிளினிக் தொடங்கப்போகிறேன். படுக்கை கிடையாது. ஊசி, டிரஸ்ஸிங், நெபுலைசர், இ.சி.ஜி. வரைதான். ஒரு மெடிக்கல் ஷாப்காரர் மாடியை வாடகை இல்லாமல் தருகிறேன், கடை முகப்பிலேயே போர்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். ஒரு தனியார் ஆஸ்பத்திரி என் பெயரை 'விசிட்டிங் கன்சல்டன்ட்' என்று போட்டுக்கொள்ளக் கேட்கிறது. இரண்டுக்கும் என்ன பதில் சொல்வது? ஐ.எம்.ஏ. (இந்திய மருத்துவச் சங்கம்) தவிர வேறு எதில் சேர்ந்தால் பயன்? திறப்பதற்கு முன் எந்த வேலையை முதலில் தொடங்க வேண்டும்?

மாயவரம் ஜி.பி.:

வரிசை முக்கியம் டாக்டர். ஒரு காகிதத்துக்கு இன்னொரு காகிதம் ஆதாரமாகப் போகும், அதனால்தான் பலருக்கும் இழுத்தடிக்கிறது.

முதலில் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். டி.என்.பி.யைக் கூடுதல் தகுதியாகப் பதிந்து வையுங்கள். அடுத்து இடத்தின் வாடகை ஒப்பந்தம், உங்கள் பெயரில், கதவு எண் சரியாக. அந்த முகவரியை வைத்து மருத்துவக் கழிவு எடுக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிறுவனத்தோடு ஒப்பந்தம், பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி. படுக்கை இல்லாத கிளினிக்குக் கழிவு விதிகள் 2016-இன்படி இந்த அனுமதி ஒரே முறை வாங்கினால் போதும், புதுப்பிக்கத் தேவையில்லை. ஆனால் ஆண்டறிக்கை ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 30-க்குள் போக வேண்டும், பதிவேடுகள் ஐந்து ஆண்டு இருக்க வேண்டும். இதெல்லாம் கையில் வந்த பிறகு ஜேடி ஆபீசில் (நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம்) மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு. 1997-இன் சட்டம்தான், 2018-இல் திருத்தி விதிகளும் வந்த பிறகு ஒற்றை மருத்துவர் கிளினிக்கும் பதிய வேண்டியதாயிற்று.

கழிவு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் வண்டி வாரத்தில் எத்தனை நாள் வரும் என்று எழுதி வாங்குங்கள். சிறிய கிளினிக்குகளைத்தான் வண்டி தாண்டிப் போகும். ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி மஞ்சள் பையில். அதை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. காலாவதியான மருந்தும் மஞ்சள்தான். ஊசி நீக்கிய சிரிஞ்ச், ஐ.வி. செட் சிவப்பு. ஊசிமுனை, பிளேடு எல்லாம் துளைபடாத வெள்ளை டப்பா, முக்கால் பங்கு நிரம்பியதும் மூடிவிட வேண்டும். உடைந்த ஆம்பூல், வயல் போன்ற கண்ணாடி மருந்துக் குப்பிகள் நீலம். தவறு நடப்பது பெரும்பாலும் ஆம்பூலில்தான். உதவியாளர் அதை வெள்ளை டப்பாவில் போட்டு நிரப்பிவிடுவார். ஊசி போடும் மேசைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நீல டப்பா இருந்தால் இந்தக் குழப்பம் வராது.

அல்ட்ராசவுண்ட் மெஷின் வாங்கும் எண்ணம் இருந்தால் 1994 பாலினத் தேர்வுத் தடைச் சட்டப் பதிவு கைக்கு வரும்வரை மெஷினை இடத்துக்குள் இறக்கவே கூடாது. பெயர்த்து எடுத்துப் போகும் சிறிய மெஷினுக்கும் இதேதான்.

வெண்ணாற்றங்கரை:

போர்டு, தொடர்பு பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இன்றும் நடைமுறையில் இருப்பது டாக்டர்களுக்கான 2002 நன்னடத்தை விதிகள். 2023 ஆகஸ்டில் வந்த புதிய விதிகளை அதே மாதம் நிறுத்திவைத்துவிட்டார்கள். 2002 விதிப்படி போர்டில் வரக்கூடியவை பெயர், பட்டம், துறை, பதிவு எண், எந்த மாநிலக் கவுன்சில் என்பது. மருந்துச் சீட்டிலும் அவ்வளவே. மருந்துக் கடையின் மேல் டாக்டர் போர்டு மாட்டுவது முறையல்ல என்று அதே விதி நேராகச் சொல்கிறது. எனவே கடை முகப்பு வேண்டாம். மாடியில் இருப்பது தவறில்லை, ஆனால் தனிப் படிக்கட்டு, தனி நுழைவு, சந்தை விலையில் வாடகை, ஒவ்வொரு மாதமும் வங்கி வழியாக. இலவச இடம் என்பது கமிஷனின் இன்னொரு வடிவம். ஆறு மாதத்தில் 'எங்களிடம் இருக்கிற பிராண்டையே எழுதுங்களேன்' என்று பேச்சு வரும். அப்போது மறுத்தால் இடமும் போகும், அந்த முகவரிக்கு வாங்கிய அத்தனை பதிவும் போகும்.

விசிட்டிங் கன்சல்டன்ட் பற்றி. அங்கே உண்மையாகவே வாரம் இரண்டு நாள் உட்கார்ந்து நோயாளி பார்ப்பீர்கள் என்றால் போட்டுக்கொள்ளட்டும். வெறும் பெயர் என்றால் மறுத்துவிடுங்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் எதிர்பார்க்கப்படுவது நீங்கள் அனுப்பும் நோயாளி. அனுப்புவதற்குப் பணமோ பரிசோ வாங்குவது 2002 விதிகளில் வெளிப்படையாகத் தடை. லேப்களுக்கும் சேர்த்துத்தான். லேப்காரரிடம் 'எனக்குக் கொடுக்க நினைக்கும் தொகையை நோயாளி பில்லில் குறைத்துவிடுங்கள்' என்று முதல் நாளே சொல்லிவிட்டால் மறுபடி கேட்க மாட்டார். குடும்ப டாக்டருக்கு இந்த ஊரில் இருக்கும் ஒரே சொத்து, அவர் எங்கே அனுப்பினாலும் அது நம் நல்லதுக்குத்தான் என்று சனங்கள் நம்புவது. அதை எந்த ஆஸ்பத்திரிக்கும் அடகு வைக்காதீர்கள்.

சங்கம்: ஐ.எம்.ஏ. உள்ளூர்க் கிளையில் ஆயுள் உறுப்பினர் ஆகுங்கள். கிளை வழியாகத்தான் மாநிலக் கிளையின் பாதுகாப்புத் திட்டங்களில் சேர முடியும். கிளினிக்கில் தகராறு வந்தால் உடனே வந்து நிற்பதும் அந்தக் கிளைதான். 2008 மருத்துவப் பணியாளர் பாதுகாப்புச் சட்டத்தில் புகார் எழுதவும் அவர்கள் துணை வேண்டும். குடும்ப மருத்துவத்துக்கென்று இந்தியக் குடும்ப மருத்துவர்கள் அகாடமி இருக்கிறது, உங்கள் டி.என்.பி.க்கு ஏற்ற கூட்டமும் பயிற்சியும் அங்கே கிடைக்கும். நம் பகுதியில் சர்க்கரை நோயாளிதான் பாதிக் கூட்டம் என்பதால் ஆர்.எஸ்.எஸ்.டி.ஐ. (இந்திய நீரிழிவு ஆய்வுச் சங்கம்) உறுப்பினர் ஆவதும் நல்லது. ஐந்து ஆண்டுக்கு 30 மணி நேரத் தொடர் மருத்துவக் கல்வி வேண்டும். கூட்டத்துக்கு முன்பே கவுன்சில் அதற்கு மணி நேரம் வழங்கியிருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். இந்த உறுப்பினர் பதவிகளைப் பெயருக்குப் பின்னால் பட்டம் போல எழுத வேண்டாம். சான்றிதழ் படிப்பு முடித்துவிட்டு 'சர்க்கரை நோய் நிபுணர்' என்று போட்டால் அது புகாருக்கு உரிய குற்றம். சிவப்புச் சிலுவைச் சின்னமும் கூடாது, 1960 ஜெனீவா உடன்படிக்கைச் சட்டம் அதைத் தடுக்கிறது.

மாயவரம் ஜி.பி.:

ஒன்று விட்டுப்போயிற்று. காகிதத்தில் வராத தொடர்பு ஒன்று உண்டு, அதுதான் அதிகம் பயன்படும். அரசு ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டி எண், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம், காசநோய்ப் பிரிவு, 108.

காசநோய் 2012 முதல் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய். நிக்ஷய் என்ற அரசின் காசநோய்ப் பதிவுத் தளத்தில் கிளினிக்கைத் திறந்த வாரமே பதிந்துவிடுங்கள். நீங்கள் பதிந்தால்தான் நோயாளிக்கு ஊட்டச்சத்துத் தொகை வரும், அது 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய். பாம்புக்கடியையும் 2024-இல் தமிழ்நாடு தெரிவிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்திருக்கிறது. நடவு, அறுவடை நாட்களில் முதலில் உங்கள் வாசலுக்குத்தான் கொண்டுவருவார்கள். கடிவாய்க்கு மேல் இறுக்கிக் கட்டுவது, கீறுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அசையாமல் கட்டை வைத்துக் கட்டி, கடித்த நேரத்தை எழுதி, 108-க்கும் கேஷுவாலிட்டிக்கும் போன் செய்து அனுப்புங்கள். வலிக்கு டைக்ளோபெனாக் ஊசி போட்டுவிடாதீர்கள், கண்ணாடிவிரியன் கடியில் ரத்தம் உறையாது, அந்த ஊசி ரத்தக் கசிவைக் கூட்டும். தரையில் படுத்தவர் விடிகாலையில் வயிற்றுவலி என்று வந்து, இமை தொங்கினால், பல் தடம் இல்லாவிட்டாலும் கட்டுவிரியனை நினையுங்கள்.

இன்னொன்று 'மக்களைத் தேடி மருத்துவம்'. 2021 ஆகஸ்ட் முதல் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நோயாளி அதைச் 'சர்க்காரு மாத்திரை' என்று தனியாக வைத்திருப்பார், உங்கள் சீட்டு மாத்திரையையும் சேர்த்துப் போடுவார். இரண்டிலும் சுகருக்கு மெட்பார்மின், இரண்டிலும் பிரஷருக்கு அம்லோடிபின். கால் வீக்கம், விடிகாலை மயக்கம் என்று வந்தால் மருந்தை மாற்றும் முன் வீட்டில் இருக்கும் எல்லா அட்டையையும் பையோடு கொண்டுவரச் சொல்லுங்கள்.

அரசலாறு:

மிக்க நன்றி. கடை மாடிக்கு வாடகை ஒப்பந்தம் போடுகிறார்களா என்று கேட்கிறேன், இல்லையென்றால் வேறு இடம். கூடுதலாக ஒன்று: நானே சில மருந்து கொடுக்கலாமா? வீட்டில் இறந்தவருக்குச் சான்று கேட்டால்?

தஞ்சை பார்மசிஸ்ட்:

மருந்து கொடுக்கலாம் டாக்டர், உங்கள் சொந்த நோயாளிக்கு மட்டும். மருந்து விதிகளின் அட்டவணை கே-இல் அதற்கு விலக்கு இருக்கிறது. கடை போலத் திறந்து வைப்பதும், வேறு டாக்டர் சீட்டுக்கு விற்பதும் கூடாது. உரிமம் உள்ள வியாபாரியிடமோ தயாரிப்பாளரிடமோ மட்டும் வாங்கி, மருந்து, அளவு, பேட்ச் எண், தயாரிப்பாளர் விவரத்தோடு பதிவு வையுங்கள். அட்டவணை எச் மருந்து (டாக்டர் சீட்டு இருந்தால் மட்டும் விற்கக்கூடியது) கொடுத்தால் நோயாளி பெயர், மருந்து, அளவு, தேதி பதிவேட்டில் வர வேண்டும், அந்த வரிசை எண் கவரிலும் வர வேண்டும். பதிவேடு இரண்டு ஆண்டு. மருந்து ஆய்வாளர் வந்தால் முதலில் கேட்பது கொள்முதல் பில்தான்.

வெண்ணாற்றங்கரை:

இறப்புச் சான்று: வீட்டு மரணத்துக்குப் படிவம் 4ஏ. கடைசி நோய்க்கு நீங்கள்தான் வைத்தியம் பார்த்தீர்கள் என்றால், உடலை நேரில் பார்த்த பிறகு மட்டும் கொடுங்கள். காரணம் என்ற இடத்தில் 'இதயம் நின்றது' என்று எழுதாதீர்கள், அது எல்லா மரணத்துக்கும் பொருந்தும். பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, அதற்கு அடியில் இருந்த சர்க்கரை என்று வரிசையாக எழுத வேண்டும். விஷம், கீழே விழுந்தது, பாம்பு, தீக்காயம் என்று சிறு சந்தேகம் இருந்தாலும் சான்று கிடையாது, காவல் நிலையத்துக்குத் தகவல். சொந்தக்காரர்கள் தெரிந்தவர்களாக இருப்பார்கள், அடக்கத்துக்கு நேரமாகிறது என்று நெருக்குவார்கள், அப்போதும் இதேதான். சாதாரண மருத்துவச் சான்றுகளுக்கும் தனிப் பதிவேடு வைத்து, நகலோடு கையெழுத்து அல்லது கைரேகை, முகவரி, ஓர் அங்க அடையாளம் எழுதி வாங்குங்கள்.