சரக்குக் கலத்தை இணைப்பது யார்: இயந்திரமா, மனிதக் கையா?

வாவிக்கரை:
கல்முனையில் ஒரு பாடசாலைக் கண்காட்சிக்குப் போனேன். புரோகிரஸ் என்ற ஆளில்லாச் சரக்குக் கலம் விண்வெளி நிலையத்தோடு தானாகப் போய்ப் பொருந்துவதை மோட்டார் வைத்துச் செய்து காட்டினார்கள் பிள்ளைகள். வேலை அருமை. ஆனால் பக்கத்தில் இருந்த அட்டையில் "இணைப்பதற்கு மனிதர் தேவையில்லை" என்று எழுதியிருந்தது. அதை நான் ஏற்கமாட்டேன். 1994 ஓகஸ்டில் புரோகிரஸ் எம்-24, ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தோடு தானாக இணைய இரண்டு தடவை முயன்று தோற்றது. இரண்டாவது தடவை நிலையத்தில் இடித்தும் விட்டது. கடைசியில் செப்டெம்பர் 2ஆம் திகதி, விண்வெளி வீரர் யூரி மலென்சென்கோ நிலையத்துக்குள் இருந்தபடி கைப்பிடியால் கலத்தைத் தொலைவிலிருந்து இயக்கி அதை இணைத்தார். அந்தச் சரக்கு உள்ளே போனது ஒரு மனிதனால்.

கல்முனைத் தம்பி:
அண்ணன், அந்த அட்டையை எழுதிய பிள்ளைகளுக்கு உதவி செய்தவன் நான்தான். அதே மிர், அதே கைப்பிடி, 1997 ஜூன் 25. என்ன நடந்தது? வசிலி சிப்லியேவ் கையால் இயக்கிய புரோகிரஸ் எம்-34 வந்து நிலையத்தின் ஸ்பெக்டர் என்ற பகுதியில் மோதியது. சூரியத் தகடு சேதம், சுவரில் ஓட்டை, காற்றழுத்தம் இறங்கத் தொடங்கியது. அந்தப் பகுதியின் திறந்திருந்த வாசலுக்குள்ளால் போன வயர்களைக் கழற்றியும் வெட்டியும், வாசலை மூடி வைத்து அடைத்துத்தான் உள்ளே இருந்த மூன்று பேரும் தப்பினார்கள். இயந்திரம் பிழை விட்டால் பெரும்பாலும் விலகிப் போகும். கை பிழை விட்டால் வந்து இடிக்கும்.

வாவிக்கரை:
அது கையின் பிழை இல்லை, தம்பி. தூரத்தையும் வேகத்தையும் சொல்வது கூர்ஸ் என்ற ரேடார் முறை. அதைத்தான் அன்று நிறுத்தி வைத்தார்கள். மார்ச்சில் செய்த சோதனையில் கமராப் படம் தெரியாமல் போனதற்கு அதன் அலைகள்தான் காரணம் என்று சந்தேகம். அதோடு, கூர்ஸ் உக்ரைனின் கியெவில் செய்யப்பட்டது. சோவியத் உடைந்த பிறகு ரஷ்யர்கள் அதற்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடிக்கப் பார்த்தார்கள். ஏழு தொன் கலத்தைத் தூரமும் தெரியாமல், வேகமும் தெரியாமல் ஓட்டு என்று ஒருவரிடம் கொடுத்துவிட்டு, மோதியதும் அவர் தலையில் பழியைப் போடுவது அநியாயம்.

பாலமீன்மடு:
நான் கடற்தொழில் செய்யும் குடும்பம். முகத்துவாரத்தால் வள்ளத்தை உள்ளே எடுக்கும்போது நீரோட்டம் திரும்பினால் அப்பாவுக்குக் காலடியிலேயே தெரியும். சிப்லியேவுக்கு அது இல்லையே! அவர் இருந்தது நிலையத்துக்குள், அவருடைய கண்ணாக இருந்த கமரா புரோகிரஸில். திரையில் அவர் பார்த்தது தான் இருந்த மிர் நிலையத்தையே, அதுவும் கீழே பூமியின் மேகங்களோடு கலந்த ஒரு புள்ளியாக. மற்ற இருவரும் சன்னல் சன்னலாகக் கலத்தைத் தேடினார்கள். கண்ணில் பட்டபோது அது மிகக் கிட்ட வந்துவிட்டது. இதைக் கையால் ஓட்டுவது என்று சொல்லவே எனக்கு மனம் வரவில்லை.

கல்முனைத் தம்பி:
நானும் அதைத்தானே சொல்கிறேன்! ஐரோப்பாவின் ஏடிவி என்ற சரக்குக் கலங்கள் 2008 முதல் 2014 வரை சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு ஐந்து போயின. ஐந்தும் தானாகவே இணைந்தன. நிலையத்தில் இருந்தவர்களால் அதை ஓட்டவே முடியாது. நிறுத்து, பின்னுக்குப் போ என்று கட்டளை கொடுக்க மட்டும்தான் முடியும்.

அக்கரைப்பற்று நானா:
மனே, நீ சொன்ன அந்தக் கட்டளையைக் கொடுப்பது யார்? மனிதன்தானே. அதனால்தான் உங்கள் அட்டை பிழை என்கிறேன். சிக்னஸ் என்ற அமெரிக்கச் சரக்குக் கலத்தைப் பாருங்கள். அது நிலையத்துக்குப் பத்து மீற்றர் அளவில் வந்து நின்றுவிடும். பிறகு உள்ளே இருப்பவர் இயந்திரக் கையை நீட்டிப் பிடிப்பார். கலமும் நிலையமும் மணிக்கு 28,000 கிலோமீற்றர் வேகத்தில் ஓடினாலும், ஒன்றையொன்று பார்க்கும்போது கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். முதலில் வந்த டிராகன் சரக்குக் கலங்களும் இப்படித்தான் பிடிபட்டன. 2020 டிசம்பரிலிருந்து வருகிறவை தாமாக இணைகின்றன. இயந்திரம் முன்னேறியிருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனாலும் கலம் கிட்ட வரும்போது உள்ளே ஒருவர் திரையை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. நான் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதும் இதுதான்.

கல்முனைத் தம்பி:
சரி சேர், அட்டையை மாற்றச் சொல்கிறேன். "இயந்திரம் இணைக்கும், மனிதர் கண்காணிப்பார்" என்று எழுதட்டும். மாதிரியில் ஒரு சிவப்புப் பொத்தானும் வைக்கலாம். கைப்பிடி மட்டும் வேண்டாம். அதெல்லாம் மிர் காலத்துக் கதை.

வாவிக்கரை:
மிர் காலத்துக் கதையா? 2023 டிசம்பர் 3ஆம் திகதி புரோகிரஸ் எம்எஸ்-25 சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு வந்தபோது, ஒலெக் கொனனென்கோ கைப்பிடியால்தான் இணைத்தார். பொத்தானுக்குப் பக்கத்தில் அதையும் வையுங்கள்.