காற்றாலை நிழலுக்கு ஒரு சொல்: ‘நிழல் துடிப்பு’

அனைவருக்கும் வணக்கம்.

சிற்றூரை ஒட்டி அமையும் சிறிய காற்றாலைப் பண்ணைகளுக்கான சொற்பட்டியலில், ‘ஷேடோ ஃப்ளிக்கர்’ என்பதற்கு ‘நிழல் மினுக்கம்’ முன்மொழியப்பட்டுள்ளது. அதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. மினுக்கம் ஒளியைக் குறிக்கும் சொல். அதைக் கேட்பவருக்கு விண்மீன் நினைவுக்கு வருமே தவிர, விட்டுவிட்டு இருளும் அறை வராது.

கதிரவன் தாழ்ந்திருக்கும் காலையிலும் மாலையிலும், சுழலும் இறக்கைகளின் நீண்ட நிழல் ஒரு வீட்டின் சன்னலை மீண்டும் மீண்டும் கடக்கையில், உள்ளே வெளிச்சம் சீரான இடைவெளியில் குறைந்து கூடுகிறது. மூன்று இறக்கைகள் கொண்ட சுழலி நிமிடத்துக்கு 20 முறை சுற்றினால், நிழல் நொடிக்கு ஒரு முறை விழும். ஏறத்தாழ நம் நாடியின் வேகம் அது. எனவே ‘நிழல் துடிப்பு’ என்பதை முன்வைக்கிறேன்.

‘நிழலாட்டம்’ அழகான சொல்தான். ஆனால் மரக்கிளையின் நிழலும் ஆடுகிறது, பழைய நினைவும் கண்முன் நிழலாடுகிறது. இங்கே குறிக்க வேண்டியது அந்தச் சீரான மீள்வு. ‘நிழல் சிமிட்டல்’ என்பதில் வேறொரு சிக்கல் உள்ளது. மின்னழுத்தம் ஏறி இறங்குவதால் விளக்கொளி தடுமாறுவதையும் மின்பொறியாளர்கள் ‘ஃப்ளிக்கர்’ என்றே அழைக்கிறார்கள். காற்றாலையின் மின்தரத்தை அளப்பதற்கான, பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐஇசி) 61400-21 தரநிலையிலும் அது இடம்பெறுகிறது. ஒரே திட்ட அறிக்கையில் இரண்டும் வரக்கூடும் என்பதால், சிமிட்டலை விளக்குக்கு விட்டுவிடுவதே நல்லது.

மின்னணுவியலில் ‘பல்ஸ்’ என்பதற்குத் துடிப்பு ஏற்கெனவே வழங்குகிறதே என்று கேட்கலாம். நிழல் என்ற அடைமொழி முன்னே நிற்பதால் குழப்பம் நேராது.

வாக்கியத்தில் இட்டுப் பார்த்தேன். ஜெர்மனியின் வழிகாட்டுதலை, “ஒரு வீட்டின்மேல் விழக்கூடிய நிழல் துடிப்பு, கணக்கீட்டின்படி ஆண்டுக்கு 30 மணி நேரத்தையும் நாளொன்றுக்கு 30 நிமிடத்தையும் மிஞ்சக் கூடாது” என்று எழுதலாம். வரம்பு மிஞ்சும் வேளையில் சுழலியைத் தானாக நிறுத்தும் அமைப்பை ‘துடிப்புத் தடுப்பி’ எனலாம். இத்தகைய திட்ட அறிக்கையைப் படித்து இசைவோ மறுப்போ சொல்ல வேண்டியவர் அந்த வீட்டில் வாழ்பவர். அவருக்கு அகராதியின்றிப் புரிய வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

அதே காரணத்தால், புணர்ச்சி விதிப்படி ‘நிழற்றுடிப்பு’ என்று சேர்க்காமல் பிரித்தே எழுத விரும்புகிறேன். ‘நிழற்குடை’ பழகிவிட்டது; இதில் துடிப்பே மறைந்துவிடுகிறது. இலக்கணம் அறிந்தோர் இது குறித்துக் கருத்துரைக்க வேண்டுகிறேன்.