சிங்கமீன் வளர்த்த அனுபவம்: முள்ளைவிட வாய்தான் பாடம்

கொளத்தூர் உவர்நீர்:

கடல்மீனான சிங்கமீனைத் தொட்டியில் வளர்க்க வாங்கலாமா என்று கேட்பவர்கள் எல்லாரும் அதன் நச்சுமுள்ளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். வாயைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. அதனால் என் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். வளர்த்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கடையில் பார்த்தபோது சுண்டுவிரல் நீளம்தான் இருந்தது. சிவப்பும் வெள்ளையுமாக வரிகள், இரு பக்கமும் விசிறி விரித்தாற்போலத் துடுப்புகள். “சாதுவான மீன் சார், யாரையும் துரத்தாது” என்றார் கடைக்காரர். டாம்செல் என்னும் சிறிய கடல்மீன்கள் மூன்றும் இரண்டு கோமாளி மீன்களும் இருந்த நான்கடித் தொட்டியில் விட்டேன். ஐந்து மாதம் நிம்மதியாகப் போயிற்று. ஒரு நாள் காலையில் டாம்செல் ஒன்றைக் காணவில்லை. துள்ளி விழுந்திருக்கும் என்று அலமாரிக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடினேன். அடுத்த வாரம் இன்னொன்று காணாமல் போனது.

மூன்றாவதை என் கண்ணாலேயே பார்த்தேன். விளக்கு மங்கும் நேரம். சிங்கமீன் துடுப்புகளை அகல விரித்து, டாம்செல்லை ஒரு மூலைக்கு ஒதுக்கிக்கொண்டு போனது. நகர்கிறதா இல்லையா என்று தெரியாத வேகம். சட்டென்று வாய் திறந்தது, தண்ணீரோடு டாம்செல்லும் உள்ளே போய்விட்டது. கடைக்காரர் சொன்னது உண்மைதான், அது துரத்துவதே இல்லை. தன் நீளத்தில் பாதி இருக்கும் மீனைக்கூட விழுங்கிவிடும் என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் மகள் பெயர் வைத்து வளர்த்த கோமாளி மீன்களை அன்று இரவே வேறு தொட்டிக்கு மாற்றினேன்.

உணவுப் பழக்கம்தான் பெரிய பாடு. வந்த புதிதில் அசையாத எதையும் அது தொடவில்லை. உயிர் இறால் போட்டுப் பசியாற்றினேன். பிறகு உரித்த இறால் துண்டை அக்ரிலிக் குச்சியில் குத்தி, நீரோட்டத்தில் ஆட்டி ஆட்டிக் காட்டினேன். மூன்று வாரம் கழித்து ஒரு மாலை வந்து கவ்வியது. அன்று எனக்கு இருந்த மகிழ்ச்சியைச் சொல்ல முடியாது. இப்போது இறாலும் கணவாயும் மாற்றி மாற்றித் தருகிறேன். நன்னீர்த் தங்கமீன்களை இரையாகப் போடவே போடாதீர்கள். அந்தக் கொழுப்பு கடல்மீனின் ஈரலைக் கெடுத்துவிடும்.

வளர்ந்த மீனுக்கு வாரம் இரண்டு மூன்று முறை உணவு போதும். என்னைக் கண்டதும் கண்ணாடிக்கு வந்து நின்று கேட்கும், மனம் இளகாதீர்கள். நான் இளகித் தினமும் கொடுத்ததில் வயிறு உப்பி, தண்ணீரில் கழிவு நச்சான அம்மோனியா ஏறிவிட்டது.

இன்னொன்று: சில வாரங்களுக்கு ஒருமுறை உடலைச் சிலிர்த்து வெள்ளைப் படலமாகத் தோல் உரிக்கும். அது நோய் அல்ல, மருந்து ஊற்றாதீர்கள்.

மதுரை மீனவள்:

அண்ணா, எனக்கு முள்ளும் பட்டது. கண்ணாடியைத் தேய்க்கும்போது மீன் எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் கையை விட்டேன். முதுகில் 13, வயிற்றுத் துடுப்புகளில் 2, அடித்துடுப்பில் 3 என்று நச்சுமுட்கள் இருக்கின்றன. புறங்கையில் ஒன்றுதான் இறங்கியது. பத்து நிமிடத்தில் முழங்கை வரை வலி ஏறி, வாய்விட்டு அழுதேன்.

இந்த நஞ்சு புரதம், சூட்டில் சிதையும். பொறுக்கக்கூடிய சூட்டில், ஏறத்தாழ 45 டிகிரி வெந்நீரில், கையை ஒரு மணி நேரம் வைத்திருந்தேன். வலி பாதியாகக் குறைந்த பிறகு மருத்துவமனைக்குப் போனோம். வெந்நீரின் சூட்டை வீட்டில் வேறு ஒருவர் தொட்டுப் பார்க்க வேண்டும். வலியில் இருக்கும் கைக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் வெந்நீருக்குக்கூடக் காத்திருக்காமல் ஓடுங்கள். இப்போது முழங்கை வரை கையுறை, நீளக் கைப்பிடித் துடைப்பான், மீனைத் தடுத்து நிறுத்த ஒரு பலகை. இவை மூன்றும் இல்லாமல் தொட்டியைத் திறப்பதில்லை.

டாம்பா தமிழன்:

நான் இருக்கும் ஃபுளோரிடாவில் இந்த மீனின் கதையே வேறு. இந்தியப் பெருங்கடல், பசிபிக் மீன் இது. அட்லாண்டிக்கில் 1985இல் இங்குள்ள டானியா கடற்கரைக்கு அப்பால் முதலில் பிடிபட்டது. தொட்டியில் வளர்த்தவர்கள் விட்டதே காரணம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. இன்று கரீபியன் முழுக்கப் பரவி, பவளப்பாறைக் குஞ்சு மீன்களைத் தின்று தீர்க்கிறது. 2014 முதல் உயிருள்ள சிங்கமீனை இந்த மாநிலத்துக்குள் கொண்டுவரவே தடை. முக்குளித்து ஈட்டியால் குத்தும் போட்டிகள் நடக்கின்றன. தசையில் நஞ்சு இல்லாததால் உணவகங்களிலும் சமைக்கிறார்கள். நான் சாப்பிட்டிருக்கிறேன், வெள்ளையான மென்மையான சதை.

ராமநாதபுரம் கரை:

எங்கள் மன்னார் வளைகுடாவில் சிங்கமீன் இயற்கையாகவே உண்டு. வேலை மாறிப் போகிறேன், தொட்டியைக் கலைக்க வேண்டும். என் சிங்கமீனை இங்கே கடலில் விட்டால் தவறில்லை அல்லவா?

கொளத்தூர் உவர்நீர்:

விடாதீர்கள், தம்பி. சொந்தக் கடலே ஆனாலும் தொட்டியில் வேறு ஊர் மீன்களோடு இருந்தது அது. அவற்றின் ஒட்டுண்ணியும் கிருமியும் கூடவே போகும். நான் எடுத்துக்கொள்கிறேன். அது எத்தனை அங்குலம் என்று மட்டும் சொல்லுங்கள். என்னுடையது ஓரடியை நெருங்கிவிட்டது, சிறிய சிங்கமீனையும் விழுங்கிவிடும். சிறியது என்றால் கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா ஊறிய என் வடிகட்டியின் பழைய பஞ்சைப் போட்டுத் தனித்தொட்டி ஒன்று தயார் செய்து வைக்கிறேன்.